அமெரிக்காவில் மருத்துவர் உரிமம்: பின்னணிச் சரிபார்ப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உரிமத்துக்கான ஸ்டெப் தேர்வுகள் முடிந்துவிட்டன. ரெசிடென்சியும் முடியும் தறுவாயில் இருக்கிறது. வேலை தர ஒரு மருத்துவமனையும் தயார். இனி மாநில உரிமம் ஒன்றுதான் பாக்கி. தேர்வுக்கு இரவு பகலாகப் படித்த நம்மில் பலர், இந்த விண்ணப்பத்தை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நிரப்பிவிடலாம் என்று நினைக்கிறோம். அது நடக்காது. நம் பெயர், படிப்பு, வேலை பார்த்த இடங்கள், வழக்கு, உடல்நிலை என்று எல்லாவற்றையும் துருவிக் கேட்கும் விண்ணப்பம் அது. ஆனால் வரிசை தெரிந்துவிட்டால் பயப்பட எதுவும் இல்லை. வாருங்கள், ஒவ்வொரு படியாகச் சேர்ந்தே போவோம்.

இது என்ன?

அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான மருத்துவர் உரிமம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லைக்குள் மட்டும் செல்லும் உரிமத்தைத் தருகிறது. பெரும்பாலும் மாநில மருத்துவ வாரியம் இதைக் கவனிக்கும். சில மாநிலங்களில் வேறு துறை தரும்; நியூயார்க்கில் மாநிலக் கல்வித் துறை உரிமம் தருகிறது. இந்த வாரியங்களுக்கு ஒரு கூட்டமைப்பு இருக்கிறது: 1912இல் தொடங்கிய எஃப்.எஸ்.எம்.பி. இந்தப் பெயரை இனி அடிக்கடி கேட்போம்.

விண்ணப்பத்தில் இரண்டு பக்கங்கள் உண்டு. நம்மைப் பற்றி மற்றவர்கள் சொல்வது ஒன்று: கைரேகை வழியாகக் காவல்துறைப் பதிவு, தேசிய மருத்துவர் தகவல் வங்கி, கல்லூரி, ரெசிடென்சி இயக்குநர், நாம் ஏற்கெனவே உரிமம் வைத்திருந்த இடங்கள். நம்மைப் பற்றி நாமே சொல்வது இன்னொன்று: ‘ஆம்’, ‘இல்லை’ என்று கையெழுத்திட்டுச் சொல்லும் பதில்கள். வாரியம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். இரண்டும் பொருந்தினால் விண்ணப்பம் நகரும். பொருந்தாவிட்டால் அங்கேயே நிற்கும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

மைக்கேல் ஸ்வாங்கோ என்ற மருத்துவரின் கதையைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விகள் மேல் வரும் எரிச்சல் போய்விடும். இல்லினாய் மாநிலத்தின் குவின்சி நகரில் தன்னோடு ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவர்களுக்கு ஆர்சனிக் கலந்து கொடுத்ததற்காக 1985இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1987இல் வெளியே வந்தார். கைகலப்பு ஒன்றில் சிக்கியதால் தண்டனை பெற்றதாகப் போலி ஆவணம் தயாரித்தார். அதைக் காட்டி 1992இல் தெற்கு டகோட்டாவிலும், 1993இல் நியூயார்க்கின் ஸ்டோனி புரூக்கிலும் ரெசிடென்சி இடம் வாங்கினார். நீதிமன்றப் பதிவை நேரில் கேட்டுப் பார்த்தவர் எவரும் இல்லை. விளைவாக, ஸ்டோனி புரூக் பயிற்சியின்போது அவர் வேலை பார்த்த நார்த்போர்ட் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் அவரை நம்பிப் படுத்திருந்த நோயாளிகள் இறந்தார்கள். 2000ஆம் ஆண்டு அந்தக் கொலைகளை அவரே ஒப்புக்கொண்டார். ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஆகவே, வாரியம் நம்மை அவமதிக்கக் கேட்கவில்லை. கட்டிலில் கிடக்கும் மனிதருக்காகக் கேட்கிறது. இந்த எண்ணத்தோடு அடுத்த படிக்குப் போவோம்.

முதல் படி: பெயரைச் சரிசெய்வோம்

தமிழர்களுக்கு எல்லாவற்றையும்விட அதிக நாளை விழுங்கும் இடம் இதுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திகேயன்’. எம்.பி.பி.எஸ். பட்டத்தில் ‘கார்த்திகேயன் எஸ்’. பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகி ‘கார்த்திகேயன் செல்வம்’. பெண்களுக்குத் திருமணத்துக்குப் பின் நான்காவதாக ஒரு வடிவமும் சேர்ந்துவிடும். நமக்கு இது சாதாரணம். பின்னணிச் சரிபார்ப்பைப் பொறுத்தவரை, இவை ஒரே ஆளைக் குறிக்கின்றன என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். மேலே சொன்ன ஸ்வாங்கோ 1990இல் சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டவர் என்பதை நினைத்தால், பெயரில் ஏன் இவ்வளவு கவனம் என்பது விளங்கும்.

முதலில், நம் பெயர் அச்சான எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு வடிவத்தையும் எழுத்துக்கு எழுத்து எழுதிக்கொள்வோம். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் அதைத்தான் முதலில் திருத்த வேண்டும். விண்ணப்பத்தில் ‘வேறு பெயர்கள்’ கேட்கும் கட்டத்தில் எல்லா வடிவங்களையும் தருவோம், இனிஷியல் மட்டும் இடம் மாறியதையும் சேர்த்து. பெயர் வேறுபாட்டுக்கு ஓர் அபிடவிட்டும் தயாராக இருக்கட்டும்.

இரண்டாம் படி: நம் பதிவை நாமே முதலில் பார்ப்போம்

வாரியம் பார்க்கப்போவதை அதற்கு முன்பே நாம் பார்த்துவிட முடியும். செய்பவர்கள் குறைவு, ஆனால் இதைப் போல மனநிம்மதி தரும் வேலை வேறில்லை.

எஃப்.பி.ஐ.யில் நம் பெயரில் என்ன பதிவு இருக்கிறது என்பதை 18 டாலர் கட்டி நாமே பெறலாம். இணையத்தில் விண்ணப்பித்து, குறிப்பிட்ட சில அஞ்சல் நிலையங்களில் கைரேகை கொடுக்கலாம். அஞ்சல் நிலையத்தின் கட்டணம் தனி.

அடுத்தது தேசிய மருத்துவர் தகவல் வங்கி. சுருக்கமாக என்.பி.டி.பி. 1986இல் வந்த ஒரு சட்டத்தின் கீழ் 1990 செப்டம்பரில் இயங்கத் தொடங்கியது. மருத்துவத் தவறுக்காக ஒருவர் சார்பில் கொடுக்கப்பட்ட இழப்பீடு, வாரியங்களின் ஒழுங்கு நடவடிக்கை, மருத்துவமனை 30 நாளுக்கு மேல் விதித்த கட்டுப்பாடு ஆகியவை இதில் பதிவாகும். இழப்பீட்டுக்குக் குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் இல்லை. சிறு தொகை கொடுத்திருந்தாலும் பதிவுதான். பொதுமக்கள் இதைப் பார்க்க முடியாது. நம் பெயரில் இருப்பதை நாம் சில டாலரில் கேட்டு வாங்கலாம். தவறான பதிவு இருந்தால் மறுக்கவும் வழி உண்டு.

மூன்றாம் படி: ஊரிலிருந்து வரவேண்டியவை

இந்தியாவில் நிரந்தரப் பதிவு வைத்திருந்தால் அதுவும் ஓர் உரிமம்தான். பல வாரியங்கள் அதற்கும் சான்று கேட்கும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு என்றால் அங்கிருந்து குட் ஸ்டாண்டிங் சர்டிஃபிகேட் வாங்க வேண்டும். இடையில் கர்நாடகத்திலோ கேரளத்திலோ பதிவுசெய்து வேலை பார்த்திருந்தால் அங்கிருந்தும் வேண்டும். இது பெரும்பாலும் கவுன்சிலிடமிருந்து நேராக வாரியத்துக்குப் போகவேண்டிய தாள். நம் கைக்கு வந்து உறை பிரிந்தால் செல்லாமல் போகலாம். ரொம்ப முன்கூட்டியே வாங்கினால் பழையதாகிவிடும் என்பதையும் கவனிப்போம்.

பட்டம், மதிப்பெண் பட்டியல், ரெசிடென்சிச் சான்று ஆகியவற்றுக்கு எஃப்.சி.வி.எஸ். என்ற சேவை இருக்கிறது. எஃப்.எஸ்.எம்.பி. 1996இல் தொடங்கியது. ஒருமுறை எல்லாவற்றையும் மூலத்திலிருந்து சரிபார்த்து, நிரந்தரக் கோப்பாக வைத்துக்கொள்ளும். பிற்பாடு எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதே கோப்பு உதவும். சில மாநிலங்கள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. மற்ற மாநிலங்களிலும் வெளிநாட்டுப் பட்டதாரிக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். நம் கல்லூரி அலுவலகத்துக்கு ஒவ்வொரு மாநிலத்துக்காகவும் மறுபடி மறுபடி போன் போடும் அவஸ்தை மிச்சம்.

வேலை வரலாற்றில் இடைவெளி விடாதீர்கள். ஹவுஸ் சர்ஜன் முடித்த பிறகு நீட் பி.ஜி.க்காக வீட்டில் உட்கார்ந்து படித்த வருடம், பேறுகால மாதங்கள், விசாவுக்குக் காத்திருந்த காலம் எல்லாவற்றையும் மாதம், வருடத்தோடு எழுதுவோம். ‘தேர்வுக்குத் தயாரானேன், மருத்துவப் பணி பார்க்கவில்லை’ என்ற ஒரு வரி போதும். அந்தக் கட்டம் வெற்றாகக் கிடந்தால்தான் கேள்வி வரும்.

நான்காம் படி: கேள்விகளுக்குப் பதில் சொல்வோம்

இதுதான் விண்ணப்பத்தின் உயிர். அவசரப்படாமல் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படிப்போம். ஒரு மாநிலம் ‘தண்டனை பெற்றதுண்டா’ என்று கேட்கும். இன்னொன்று ‘கைதானதுண்டா’ என்று கேட்கும். இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. வழக்கு தள்ளுபடியாகியிருந்தால் முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்பது உண்மை. இரண்டாவதற்கு ‘ஆம்’ என்பதே உண்மை. பதிவு அழிக்கப்பட்ட வழக்கையும் சில மாநிலங்கள் கேட்கும், சில வேண்டாம் என்று எழுதியே சொல்லிவிடும். சிறு போக்குவரத்து அபராதங்களை வழக்கமாக விட்டுவிடலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு அந்தக் கணக்கில் வராது. அதை எழுதியே ஆகவேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மாணவப் பருவத்தில் மறியலிலோ ஆர்ப்பாட்டத்திலோ கலந்துகொண்டு, போலீஸ் வேனில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, மாலையில் அனுப்பிவிட்டார்கள். இது கைதா? நம் நினைவில் அது வெறும் ஒரு நாள் கதை. ஆனால் ‘எந்த நாட்டிலாவது கைது செய்யப்பட்டோ காவலில் வைக்கப்பட்டோ இருக்கிறீர்களா’ என்பது கேள்வியானால், அது இந்த நாளையும் தொடுகிறது. எஃப்.ஐ.ஆர். போட்டார்களா, பின்னால் என்ன ஆயிற்று என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டு நாலு வரியில் எழுதிவிடுவோம். மக்களோடு தெருவில் நின்றதற்காக ஒரு நல்ல மருத்துவருக்கு உரிமம் மறுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கையெழுத்திட்ட தாளில் மறைத்தது பிற்பாடு தெரிந்தால், அந்த மறைப்பே தனிக் குற்றச்சாட்டாகிவிடும்.

ரெசிடென்சி பற்றிய கேள்விகளில் அதிகம் தடுக்குவோம். புரொபேஷனில் வைத்தார்களா, கூடுதல் பயிற்சிக்கு அனுப்பினார்களா, விடுப்பில் போனீர்களா என்று நம்மிடம் கேட்கும் அதே கேள்விகள் நம் இயக்குநருக்கும் தனியாகப் போகின்றன. ‘அது பெரிய விஷயமில்லை, வாய்மொழியாகத்தான் சொன்னார்கள்’ என்று நாம் நினைத்தது, அவருடைய கோப்பில் எழுத்தாக இருக்கலாம். விண்ணப்பிக்கும் முன்பே ரெசிடென்சி அலுவலகத்தில் ‘என் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது’ என்று கேட்டுவிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பேறுகால விடுப்பைச் சில மாநிலங்கள் இந்தக் கேள்வியிலிருந்து விலக்கியிருக்கின்றன. சிறிய எழுத்தில் இருக்கும் விளக்கத்தையும் படிப்போம்.

மருத்துவத் தவறு வழக்குகளைப் பொறுத்தவரை, தகவல் வங்கியில் இல்லாததையும் வாரியம் கேட்கலாம். இழப்பீடு கொடுக்காமலே முடிந்த வழக்கு வங்கியில் இராது. ‘உங்கள் மேல் வழக்கு தொடுத்ததுண்டா’ என்று கேட்டால் அதுவும் வரும். காப்பீட்டு நிறுவனத்திடம் க்ளெய்ம் ஹிஸ்டரி கேட்டு வாங்கி, அதை வைத்து எழுதுவோம். நோயாளியின் பெயர் மட்டும் கூடாது.

மனநலக் கேள்வி

இதைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். உரிமம் போய்விடும் என்ற பயத்தில் சிகிச்சைக்கே போகாத மருத்துவர்கள் இருக்கிறார்கள். மனநல மருத்துவரைப் பார்ப்பதையே மறைக்கும் வீடுகளிலிருந்து வரும் நமக்கு அந்தப் பயம் இரட்டிப்பு.

நியூயார்க்கில் அவசர சிகிச்சை மருத்துவராக இருந்த லோர்னா பிரீன், கோவிட் முதல் அலையின்போது, 2020 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டார். உதவி தேடினால் உரிமம் பறிபோகும் என்று அவர் அஞ்சியதாக அவர் குடும்பத்தார் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர் பெயரால் 2022 மார்ச்சில் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 2018இல், எஃப்.எஸ்.எம்.பி. வாரியங்களுக்கு ஒரு பரிந்துரை செய்திருந்தது: பழைய நோயைக் கிளறாதீர்கள், இப்போது பணித்திறனைப் பாதிக்கும் நிலை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள் என்பது அதன் சாரம். பல மாநிலங்கள் கேள்வியை மாற்றிவிட்டன. எல்லா மாநிலங்களும் இன்னும் மாற்றவில்லை.

ஆகவே கேள்வியின் சொற்களைக் கவனிப்போம். ‘தற்போது’, ‘பணித்திறனைப் பாதிக்கும்’ என்ற சொற்கள் இருந்தால், மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டு நன்றாக வேலை பார்க்கும் ஒருவரின் உண்மையான பதில் ‘இல்லை’ என்பதுதான். அது மறைப்பு ஆகாது. கேட்டதற்கு முழுமையாகச் சொல்வோம். கேட்காத அந்தரங்கத்தை நாமாகக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். போதைப் பழக்கம் போன்ற சிக்கல் இருந்தால், பெரும்பாலான மாநிலங்களில் மருத்துவர் நலத் திட்டம் என்று ஒன்று உண்டு. விண்ணப்பத்துக்கு முன்பே அங்கு போய்ச் சேர்வது நல்லது. எந்தத் தாளுக்காகவும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஐந்தாம் படி: விளக்கக் கடிதம்

எந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்றாலும் ஒரு கடிதம் கேட்பார்கள். ஒரு பக்கம் போதும். எந்த நாள், எந்த ஊர், என்ன நடந்தது, எப்படி முடிந்தது, அதன் பிறகு நாம் என்ன செய்தோம் என்ற வரிசையில் எழுதுவோம். அடுத்தவர் மேல் பழி போடும் வரிகளை வெட்டிவிடுவோம். ‘மிகவும் வருந்துகிறேன்’ என்று நான்கு முறை எழுதுவதைவிட, முடித்த பயிற்சியின் சான்றிதழை இணைப்பது பலன் தரும்.

நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் கட்டாயம் வேண்டும். பழைய வழக்கு, ஆவணம் அழிந்துவிட்டது என்றால், ‘எங்களிடம் பதிவு இல்லை’ என்று அந்த நீதிமன்றமே தரும் கடிதத்தை வாங்குவோம். கைது, பெரிய இழப்பீடு, பயிற்சியிலிருந்து நீக்கம் போன்றவை இருந்தால், உரிம வழக்குகளில் பழகிய வழக்கறிஞரிடம் கடிதத்தைக் காட்டாமல் அனுப்பாதீர்கள். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஆறாம் படி: கைரேகை

உரிமத்துக்காக மாநிலங்கள் எஃப்.பி.ஐ. பதிவைக் கேட்டுப் பெற 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. நாம் ஏற்கெனவே வாங்கிய எஃப்.பி.ஐ. நகலை இங்கே கொடுக்க முடியாது. வாரியம் தன் குறியீட்டு எண்ணோடு தனியாகத்தான் எடுக்கச் சொல்லும். கலிஃபோர்னியாவில் இருப்பவர் லைவ் ஸ்கேன் மையத்தில் மின்னணு முறையில் கொடுப்பார். வெளி மாநிலத்தில் இருப்பவர் மை தொட்டு அட்டையில் பதித்து அனுப்பலாம்.

நாள் முழுக்க சானிட்டைசரும் சோப்பும் போட்டுத் தேய்க்கும் கைகளில் ரேகை மங்கியிருக்கும். தெளிவில்லை என்று திரும்பிவந்தால் வாரக்கணக்கில் தாமதமாகும். சில நாள் முன்பிருந்தே கைக்கு மாய்ஸ்ச்சரைசர் தடவி வருவோம். கொடுக்கும் நேரத்தில் மட்டும் கை உலர்ந்திருக்கட்டும். இரண்டு முறை திரும்பிவந்தால், பெயரை வைத்துத் தேடும் முறைக்கு வாரியம் ஏற்பாடு செய்யும்.

எவ்வளவு செலவு, எவ்வளவு நாள்?

எஃப்.சி.வி.எஸ். அடிப்படைக் கட்டணம் 400 டாலரை ஒட்டி வரும். வெளிநாட்டுப் பட்டதாரிக்குக் கூடுதல் உண்டு. மாநிலக் கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு: பென்சில்வேனியாவில் 100 டாலருக்குள் முடியும், கலிஃபோர்னியாவில் ஆயிரத்தைத் தாண்டும். கைரேகைச் செலவு பொதுவாக 100 டாலருக்குள் அடங்கும். உரிமம் வந்த பிறகு, கட்டுப்பாட்டுக்குரிய மருந்துகளை எழுத, கூட்டாட்சி அரசின் டி.இ.ஏ. பதிவு வேண்டும். மூன்று ஆண்டுக்கு 888 டாலர். அந்தப் படிவத்திலும் இதே போன்ற கேள்விகள் உண்டு.

பல மாநிலங்களில் வேலை பார்க்க நினைப்பவருக்கு மாநிலங்களுக்கிடையிலான உரிம ஒப்பந்தம் இருக்கிறது. 2017 முதல் இதன் வழியாக உரிமம் தருகிறார்கள். 700 டாலர் கட்டணம், அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலக் கட்டணமும் தனி. சிறப்புத் துறைச் சான்று வேண்டும், குற்றப் பின்னணியோ ஒழுங்கு நடவடிக்கையோ இருக்கக் கூடாது. அப்படி ஏதாவது இருப்பவர் வழக்கமான பாதையில்தான் போக வேண்டும்.

காலம் என்று பார்த்தால் வேலை தொடங்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே ஆரம்பிப்போம். விளக்கக் கடிதம் எழுதவேண்டியவர்கள் இன்னும் முன்னதாக. வாரியத்தின் குழு நேரில் பேசக் கூப்பிட்டால், அதன் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டிவரும். உரிமம் வரும் முன் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எச்சரிக்கை

விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறேன் என்று வரும் ஏஜென்ட்டிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். யார் நிரப்பினாலும் கையெழுத்து நம்முடையது, பொறுப்பும் நம்முடையது. ‘அதை எழுதாதே, யாருக்குத் தெரியப்போகிறது’ என்று சீனியர் ஒருவர் சொல்வார். அந்த அறிவுரையை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். ரெசிடென்சிக்கு விண்ணப்பித்தபோது எழுதியது, விசாவில் எழுதியது, மருத்துவமனைக்குத் தந்தது, காப்பீட்டில் சொன்னது எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு படிவத்தின் நகலையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று. வாரியத்திலிருந்து பேசுகிறோம், எஃப்.பி.ஐ.யிலிருந்து பேசுகிறோம், உங்கள் உரிமம் முடக்கப்பட்டது, உடனே பணம் கட்டுங்கள் என்று மருத்துவர்களைக் குறிவைத்து மோசடி அழைப்புகள் வருகின்றன. எந்த வாரியமும் போனில் பணம் கேட்காது. வைத்துவிட்டு, வாரியத்தின் அதிகாரபூர்வ எண்ணுக்கு நாமே அழைப்போம்.

உரிமம் கையில் வந்த பிறகு

சரிபார்ப்பு அதோடு முடியாது. சேரும்போதும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் மருத்துவமனை நம்மைப் பற்றித் தகவல் வங்கியில் கேட்கவேண்டும் என்பது சட்டம். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் நம் கைரேகை கோப்பில் இருப்பதால், பிற்பாடு கைதானால் வாரியத்துக்குத் தானாகத் தகவல் போகும். அப்படியிருந்தும் நாமே சொல்லவேண்டிய கடமையும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் குற்றத்தீர்ப்பு எதுவானாலும் 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மற்ற பல மாநிலங்களுக்கும் இப்படி ஒரு கெடு உண்டு. உரிமம் வந்த அன்றே நம் மாநிலத்தின் கெடுவைத் தேடிப் படித்து, புதுப்பிக்கும் தேதியோடு சேர்த்துக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.